பெரிய சைக்கிளுக்கு ஒரு பின் சக்கரம்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

நம் காலேஜ் வண்டி ஸ்டாண்டில் பைக்குகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் ஏழெட்டு சைக்கிள்களில், கறுப்பாக, எல்லாவற்றிலும் உயரமாக, கம்பி பிரேக்கோடு ஒன்று நிற்கிறதே, அது என்னுடையது. சரியாகச் சொன்னால் எங்கப்பாவுடையது. பகலில் மட்டும் எனக்கு. "மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தியாடா?" என்று கேட்டவர்கள் இந்த மலரைப் படிக்கிறவர்களிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவையில் கேட்டபோது கவிதை எழுதத்தான் நினைத்தேன். காதல் கவிதைக்கு ஏற்கெனவே பதினாறு பேர் வரிசையில் நிற்பதாகச் சொன்னார்கள். ஆகவே சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் 1,400 ரூபாய்க்குள் ஒரு பின் சக்கரம். இடுப்பு வலிக்காத சக்கரம்.

எங்கள் வீடு இடுவம்பாளையம் பக்கம். அப்பா நிட்டிங் ஆபரேட்டர், ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை ஷிப்ட். அம்மா வீட்டிலேயே பனியன் பிசிர் வெட்டுகிறார். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா சாயங்காலம் வேலைக்குப் போகும்போது வெட்டி முடித்த மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய் கே.வி.ஆர். நகர் பக்கம் உள்ள கம்பெனியில் இறக்குவார். காலையில் புது மூட்டையோடு வருவார். வாசலில் அவர் இறங்கினதும் நான் ஏறுவேன். 2021 மே மாதத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் 25 கிலோ மூட்டையோடு எட்டு மணி நெரிசலில் யார் ஏற முடியும்? டி.வி.எஸ். எக்ஸெல் வாங்கலாம் என்று பேச்சு இரண்டு வருஷமாக நடக்கிறது. குழுக் கடன் முடியட்டும் என்பதோடு அந்தப் பேச்சு நிற்கும். ஆக, சைக்கிள் நின்றால் மூட்டை நிற்கும். மூட்டை நின்றால் அம்மாவின் கூலி நிற்கும்.

போன ஐப்பசி மழையில் சைக்கிள் நின்றது. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ஒரு பள்ளம், அதற்கு மேல் தண்ணீர். அப்பா மூட்டையோடு அதில் இறங்கி ஏறியதில் பின் ரிம் ஒரு இடத்தில் உள்வாங்கிவிட்டது. ஐந்து போக்ஸ் கம்பி போச்சு. போதாக்குறைக்கு ஃப்ரீவீலுக்குள் சேறு போய் ஜாம் ஆகிவிட்டது. பெடலை நிறுத்தினால் நிற்காது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். நான்கு நாள் அப்படியே ஓட்டினோம். அதைப் பார்த்த என் வகுப்பு நண்பன் ஒருவன் போனில் வீடியோவைக் காட்டினான். "டேய், இதுக்குப் பேரு ஃபிக்ஸி. இதைக் காசு கொடுத்து வாங்கறாங்கடா!" பார்த்தேன். ஃப்ரீவீலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, ஒரே கியர். ஜப்பானில் 1948-ல் தொடங்கிய கெய்ரின் பந்தயம் இந்த மாதிரி வண்டியில்தான் நடக்கிறதாம். 2000-ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸில் அது சேர்ந்துவிட்டது. வழுவழு என்று மரத்தில் போட்ட வட்டப் பாதையில் அது சரி. மங்கலம் ரோட்டில் அப்படி ஓட்டிப் பாருங்கள், தெரியும்!

நாம் மேடு பள்ளத்தைத் தாண்டும்போது என்ன செய்கிறோம்? பெடலை நிறுத்தி, இரண்டு காலையும் சமமாக ஊன்றி, சீட்டில் இருந்து கொஞ்சம் எழுந்துகொள்கிறோம். முழங்கால் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ஃபிக்ஸ் ஆன வண்டியில் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அப்படி நிற்பது சிரமம். அடி முழுவதும் சீட்டு வழியாக முதுகுக்குத்தான். அந்த நான்கு நாளில் அப்பா காலையில் வந்து இறங்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். "ஒண்ணுமில்ல கண்ணு, நைட்டு நின்னதுல இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்பார். மிஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு வீட்டுக்கு வருகிற வழியிலாவது முதுகுக்கு ஒரு இதம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கிங்குக்குப் போய் நான் சேர்த்தது 1,400 ரூபாய் இருந்தது. "பரீட்சைக்குக் கட்ட வெச்சிருக்கறதைத் தொட்றாதே சாமி, அது வேற டப்பா" என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அது வேறு டப்பாதான்.

இப்போது யோசனை சொல்ல ஆள் வந்தார்கள் பாருங்கள்! நண்பன் ஒருவன் கியர் சைக்கிளில் இருந்து கழற்றிய ஒரு ஜோடி சக்கரம் தருவதாகச் சொன்னான். 700 சி, சிவப்புக் கலர் அலாய் ரிம், மெல்லிசு டயர். பார்க்கவே ஆசையாக இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், "26 இன்ச் குண்டு டயர் போட்டுரு, மெத்தை மாதிரி இருக்கும்" என்றார். அப்பாவுக்கோ காற்றே இல்லாத கட்டி ரப்பர் டயர் மேல் கண். காரணம் இருக்கிறது. நம் ஊர் ரோட்டில் கம்பெனி கூட்டின குப்பையோடு உடைந்த ஓவர்லாக் ஊசியும் கிடக்கும். கடைசி மூன்று பஞ்சரில் இரண்டு, ஊசியால்தான். ராத்திரி ஏழரைக்கு பஞ்சர் ஆனால் ஷிப்டுக்கு லேட். லேட் ஆனால் கூலியில் பிடிப்பு.

டயரைக் கழற்றித் துடைத்துப் பார்த்தபோது பக்கவாட்டில் எழுத்து தெரிந்தது. அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். இருபது வருஷமாக அவர் கடையில் போய்க் கேட்பது, "பெரிய சைக்கிள் டயரு ஒண்ணு குடுங்". அவ்வளவுதான்.

"ஏங்கண்ணு, அதுல என்ன எழுதியிருக்குது?"

"28 × 1½ன்னு போட்டிருக்குதுங்ப்பா. பக்கத்துல 40-635."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பாடத்தில் ஒரு கணக்கைப் போட்டு மார்க் வாங்குவது வேறு, அப்பா கேட்டதற்குப் பதில் சொல்வது வேறு. சொன்னேன்: 28 என்பது டயரோடு சேர்த்து சக்கரத்தின் உயரம், அங்குலத்தில். உண்மையான அளவு பின்னால் உள்ள 635. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர்; 40 என்பது டயரின் அகலம். மேலும் கீழும் நாற்பது நாற்பது சேர்த்தால் 715 மில்லிமீட்டர், அதாவது 28 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அப்பா ரிம்மைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நண்பர்களே, சக்கரம் வாங்கப் போகிறவர்கள் அந்தப் பின்பக்க எண்ணை மட்டும் மறக்காதீர்கள். முன்பக்க எண் ஏமாற்றும். 26 என்று இரண்டு டயர் இருக்கும். 26 × 1⅜ என்றால் உட்காரும் விட்டம் 590, மலையேறும் சைக்கிளின் 26 குண்டு டயர் என்றால் 559. ஒன்றுக்கு இன்னொன்று சேரவே சேராது. 700 சி என்பதோ 622.

அந்த 622-தான் சிவப்பு ரிம்மின் கதையை முடித்தது. எங்கள் ரிம்மைவிட 13 மில்லிமீட்டர் சின்னது. அதோடு எங்கள் வண்டியில் இருப்பது கம்பி பிரேக். கட்டை ரிம்மின் பக்கத்தில் பிடிக்காது. அடியில் இருந்து மேலே இழுபட்டு ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். அதற்கென்றே இரண்டு ஓரமும் உருண்டு வளைந்த இரும்பு ரிம் அது. அலாய் ரிம்மில் அந்த ஓரம் கிடையாது. பிரேக், ஹப்பு, எல்லாம் மாற்ற வேண்டும். போக்ஸ் கம்பி ஓட்டையையும் எண்ணிப் பாருங்கள். நம் பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40. சுமை பின்னால் என்று தெரிந்து வைத்த கணக்கு. நண்பன் சக்கரத்தில் 36. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் வழுக்கும், அலாய் ரிம் எவ்வளவோ மேல். காசும், பிரேக் மாற்ற இடமும் இருக்கிறவர்கள் அலாய்க்குப் போங்கள்.

26 இன்ச் யோசனைக்கு வேறு ஒரு தடை. கியர் உள்ள வண்டியில் சக்கரம் சின்னதானால் கியரை மாற்றிச் சமாளிக்கலாம். ஒரே பல்சக்கரம் உள்ள வண்டிக்குச் சக்கரத்தின் உயரம்தான் கியர்! எங்கள் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.49 மீட்டர் போகும். 26 × 1⅜ போட்டால் 5.10 மீட்டர்தான். ஏழு கிலோமீட்டரில் வந்து சேர ஏறக்குறைய நூறு மிதி அதிகம். மிதி கொஞ்சம் லேசாகும் என்பது வேறு விஷயம். ஆனால் இந்த வண்டியின் கம்பி பிரேக் அவ்வளவு கீழே எட்டாது.

கட்டி ரப்பர் டயரைப் பற்றி அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்ன காரணம் நியாயமான காரணம். ஆகவே கதை சொன்னேன். உலகத்தில் சைக்கிள் முதலில் காற்று இல்லாமல்தான் ஓடியது. மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டை. அதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயரே 'எலும்பு ஆட்டி' என்கிற அர்த்தத்தில். பிறகு கட்டி ரப்பர் வந்தது. 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியும் அது மறந்து போனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் ஊரில் ஜான் பாய்ட் டன்லப், மாட்டு டாக்டர், தன் பையனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றினார். பையனுக்காக அப்பா செய்ததுதான் இது! "அப்ப அந்த ஆளு பையனுக்குப் பண்ணுனாரு, நீ அப்பனுக்குப் பண்றயாக்கும்" என்று அம்மா உள்ளே இருந்து சொன்னார். அப்பா சிரித்துவிட்டார். கட்டி ரப்பர் பேச்சு அதோடு போனது.

சரி, சொகுசு எங்கிருந்து வருகிறது? போக்ஸ் கம்பியை லூசாகக் கட்டினால் சக்கரம் மெத்தென்று இருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். இழுத்துக் கட்டின கம்பிச் சக்கரம் மேலும் கீழும் அசைவது ஒரு மில்லிமீட்டர்கூட இராது. நாம் உட்கார்ந்ததும் கீழே உள்ள சில கம்பிகளின் இழுவிசை கொஞ்சம் குறையும், சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பிக்கும் இப்படி ஏறி இறங்கும். லூசாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் நிப்பிள் கழன்று கம்பி முறியும். கம்பிகள் நடு மையத்தைப் பார்க்காமல் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போவதும் சும்மா இல்லை. பெடலின் முறுக்கு விசையை ரிம்முக்குக் கொண்டுபோக 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. ஆகவே கம்பியின் வேலை பலம். இதம் தருவது டயருக்குள் இருக்கும் காற்று. கம்பெனி பெயரோ, கலரோ, ரிம்மின் பளபளப்போ இல்லை.

அகலமான டயருக்குக் குறைந்த அழுத்தம் போதும் என்பது நம் பாடத்தில் உள்ள சின்னக் கணக்கு: எடையை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு. சிவப்பு ரிம்மின் 25 மில்லிமீட்டர் டயரை நூறு பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற வேண்டும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. கல் மாதிரிதான் இருக்கும். குறைத்தால் ரிம் தரையில் இடித்து டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் ஃப்ரீவீலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டே சரிசெய்துவிட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் கணக்கு இப்படி: இரும்பு ரிம் 420, நாற்பது போக்ஸ் கம்பி நிப்பிளோடு 160, டயர் 390, டியூப் 140, கட்டி கோட்டம் எடுக்கக் கூலி 200, ஹப்புக்குப் பால்ரஸ், கிரீஸ் 50. மொத்தம் 1,360. டயரில் மட்டும் இரண்டு விலை இருந்தது. நூறு ரூபாய் குறைவானதைத் தொட்டுப் பார்த்தால் பக்கவாட்டு துணி விறைப்பாக, அட்டை மாதிரி இருந்தது. நான் விலை கூடினதை எடுத்தேன். "டயருல மிச்சம் புடிக்காதே தம்பி, ரிம்முல வேணா புடி" என்று அண்ணனும் சொன்னார். அவர் கோட்டம் எடுப்பதைப் பார்க்க வேண்டுமே! சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் ஒரு சாக்கட்டியை அசையாமல் பிடிப்பார். எங்கே வெள்ளைப் பட்டதோ அங்கே எதிர்ப்பக்கத்து நிப்பிளைக் கால் திருகு. கம்பியை விரலால் தட்டி சத்தம் கேட்பார். நம் ஒர்க்‌ஷாப்பில் டயல் கேஜ் வைத்துச் செய்கிறதை அவர் காதாலும் சாக்கட்டியாலும் செய்கிறார். அரைமணி நேரம் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தேன். சலித்துக்கொள்ளவில்லை.

இனி காற்று எவ்வளவு? அப்பா பழக்கம், கட்டை விரல் அமுங்காத வரைக்கும் அடிப்பது. "சுமை ஏத்தற வண்டிக்கு கல்லாட்ட இருக்கோணும்" என்பார். நம்ம வால்டியூப் போட்ட வாயில் கேஜ் சேராது. ஆகவே கம்பெனியில் துணி ரோல் எடை போடும் மிஷினைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். பின் சக்கரத்தை மிஷின் மேல் ஏற்றி, முன் சக்கரத்துக்கு அதே உயரத்தில் செங்கல் வைத்து, அப்பாவை உட்காரச் சொன்னேன். மூட்டை இல்லாமல் 47 கிலோ. மூட்டையோடு 72 கிலோ! மூட்டை முழுக்கப் பின் சக்கரத்தின் தலையில்தான். பிறகு டயரில் பழைய மிஷின் ஆயில் தடவி, சார்ட் பேப்பர் மேல் மெதுவாக இறக்கி, அப்பாவை மூட்டையோடு உட்கார வைத்து எடுத்தால் முட்டை வடிவத்தில் ஒரு அச்சு. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நான்கு தடவை எடுத்தோம். நான்காவது அச்சு நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 3. பரப்பு சுமார் 23½ சதுர சென்டிமீட்டர். 72-ஐ அதால் வகுத்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 43 பி.எஸ்.ஐ. டயர் துணியின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. டயரில் எழுதியிருந்த எண்ணைத் தாண்டவில்லை. ரிம்மும் தரையில் இடிக்கவில்லை. அந்த அளவில் விரலால் அமுக்கினால் எவ்வளவு அமுங்குகிறது என்று அப்பா மூன்று தடவை அமுக்கிப் பழகிக்கொண்டார். அதுதான் எங்கள் கேஜ். முன் டயருக்கு அதைவிடக் குறைவாகவே போதும்; அங்கே பாரம் பாதிக்கும் கீழே. அந்தச் சார்ட் பேப்பரைப் பார்த்து கம்பெனி சூப்பர்வைசர், "இது எந்தப் பார்ட்டி டிசைன்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை அப்பா வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். மூட்டையை அவிழ்த்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேராக உள்ளே போய் டீ கேட்டார். "எப்படிங்ப்பா இருக்குது?" என்றேன். "குலுங்கறது பாதியாக் கொறஞ்சிருக்குது. முன்னாடிதான் இன்னும் கையில அடிக்குது" என்றார்.

முன் டயர் பழசு. வெடிப்பு விட்டிருக்கிறது. மீதி 40 ரூபாய் இருக்கிறது, டயரும் டியூபும் 530. தை மாதம் போய்விடும். அப்பா என்னிடம் ஒரு துண்டுச் சீட்டில் '28 × 1½, 40-635' என்று பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டார். கம்பெனி அடையாள அட்டையின் உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால் அதை வைத்திருக்கிறார். முன் டயர் வாங்க அவரே போவாராம். நான் கூட வர வேண்டாமாம்.